அரக்கு மாளிகையில் எரிந்த அறுவர்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் 'இதிகாசமும் இன்றைய புதினமும்' என்னும் பொருள் பற்றி ஆற்றிய உரை)



பழைய இதிகாசங்களை இக்காலத்துப் புதினங்களாக எழுதுவது தகுமா, அதனால் நம்மவர்க்கு விளையும் பயன் யாது என்று பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். புலவர் பெருமக்கள் பேச வேண்டிய பொருள் இது. நானோ பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் இந்தக் கேள்வி என்னுடைய பத்தாவது வயதிலேயே என்னைத் தேடி வந்துவிட்டது. அதைச் சொல்லித் தொடங்குகிறேன்.

எங்கள் ஊரில் கோடைக்காலத்தில் திரௌபதி அம்மன் திருவிழா நடைபெறும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பறை முழக்க எம்மவர் வேண்டும். பந்தலின் கீழ் உட்கார மட்டும் எம்மவர்க்கு இடமில்லை. சேரியிலிருந்து சென்ற நாங்கள் தொலைவில் ஒரு புளியமரத்தடியில் நின்றே கதை கேட்போம். ஒரு நாள் பிரசங்கியார் அரக்கு மாளிகைச் சருக்கத்தை உருக்கமாகச் சொன்னார். பாண்டவர் சுரங்க வழியே தப்பினர் என்றதும் பந்தலில் இருந்தோர் கைகூப்பினர். அவர்களுக்குப் பதிலாக ஒரு வேடச்சியும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும் வெந்து சாம்பலானார்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அவர் மேலே போய்விட்டார். வீடு திரும்பும் வழியில் எங்கள் ஆயா கேட்டாள்: "ஏண்டா, நீ படிச்ச புள்ளையாச்சே. அந்தப் பொம்பளைக்குப் பேரு என்னடா?"

எனக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் நூல்களைத் தேடிப் படித்தேன். வியாச பாரதத்தின் ஆதி பருவத்தில் அவள் 'நிஷாதப் பெண்' என்றுதான் குறிக்கப்படுகிறாள். குந்தி அளித்த விருந்துக்கு உணவை நாடித் தன் ஐந்து மக்களோடு வந்தாள், உண்டாள், மது மயக்கத்தில் அங்கேயே உறங்கினாள். அன்றிரவு வீமன் மாளிகைக்குத் தீயிட்டான். மறுநாள் ஊரார் எரிந்த உடல்களைக் கண்டு, குந்தியும் ஐவரும் மாண்டனர் என்று அழுதனர். திருதராட்டிரன் அவர்களுக்கு நீர்க்கடன் செலுத்தினான். எண்ணிப் பாருங்கள்! அந்தக் கண்ணீரும் நீர்க்கடனும் அவர்கள் எலும்பைக் கண்டு எழுந்தவை. ஆனால் வேறு ஆறு பேருடைய பெயரால் செலுத்தப்பட்டவை. உயிரோடிருந்தவர்களுக்குச் சாவுச் சடங்கு நடந்தது. செத்தவர்களுக்கு ஒரு பெயர்கூடக் கிட்டவில்லை.

காவியத்தின் இயல்பு அது. காவியம் குலமரபை வைத்து மனிதரை அடையாளம் காண்கிறது. புதினமோ, அந்த மனிதர் காலையில் என்ன உண்டார், யாரிடம் கடன்பட்டார், இரவில் எதற்கு அஞ்சினார் என்று கேட்கிறது. ஆகவே காவியத்தைப் புதினமாக்குவது என்பது செய்யுளை உரைநடையாக்குவது மட்டுமன்று. அன்று கேட்கப்படாதவர்களை இன்று சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்பதாகும்.

பழங்கதையைத் தொடலாமா என்று அஞ்சுவோர் நம்மில் உண்டு. அவர்கள் நம் மாவட்டத்துக் கூவாகத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். வியாச பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் மடியும் ஒரு வீரன், அவ்வளவே. தமிழ் நிலமோ அவனைக் களப்பலியாகத் தன்னையே தந்தவனாக ஆக்கியது. பெருந்தேவனார் காலத்திலேயே இக்கதை தமிழில் வழங்கிற்று. நம் மக்கள் அவனைக் கூத்தாண்டவர் ஆக்கினார்கள். ஆண்டுதோறும் சித்திரையில் திருநங்கையர் அங்கே அவனுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதனை அறுத்து அழுகிறார்கள். அரசர் கதையில் ஓரத்தில் நின்றவனைக் கருவறையில் வைத்தது ஊர். அதைச் செய்த மண்ணில் பிறந்த நமக்கு, மாற்றி எழுதும் உரிமை எவரும் புதிதாகத் தர வேண்டியதில்லை.

இனி, புதினங்களுக்கு வருகிறேன். கன்னடத்தில் எஸ்.எல். பைரப்பா 1979-இல் 'பர்வ' எழுதினார். தேவர்களை இமயமலைப் பகுதி மக்களாக்கினார்; அற்புதங்களை நீக்கினார்; போர்க்களத்தின் பசியையும் பிண நாற்றத்தையும் கொணர்ந்தார். மலையாளத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் 1984-இல் 'ரண்டாமூழம்' எழுதினார். எப்போதும் இரண்டாம் இடத்திலேயே நிறுத்தப்பட்ட வீமனின் வாயால் பாரதம் முழுவதையும் சொல்ல வைத்தார். இவ்விரண்டையும் தமிழுக்குத் தந்தவர்கள் நம் அண்டை அயலார் என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். 'பர்வ'வைப் 'பருவம்' ஆக்கிய பாவண்ணன் வளவனூர்க்காரர். அம்மொழிபெயர்ப்புக்காக 2005-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். 'ரண்டாமூழ'த்தை 'இரண்டாம் இடம்' ஆக்கிய குறிஞ்சிவேலன் குறிஞ்சிப்பாடிப் பக்கத்தவர். கூத்து வழியாகப் பாரதத்தை உயிரோடு வைத்திருந்த பழைய தென்னார்க்காட்டு மண்தான், அதன் புதிய வடிவங்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தது.

தமிழிலேயே எழுதியவர்களும் உளர். புதுமைப்பித்தன் 1943-இல் 'சாபவிமோசனம்' என்னும் சிறுகதையில், சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிப் போவதைக் காட்டினார். எம்.வி. வெங்கட்ராம், அரசர்களிடையே கைமாற்றப்பட்ட மாதவியை 'நித்யகன்னி'யில் நாயகியாக்கினார். எஸ். ராமகிருஷ்ணன் 2000-இல் 'உப பாண்டவம்' தந்தார். ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாள்தோறும் எழுதி, 'வெண்முரசு' என்னும் 26 நாவல்களை முடித்தார். உழைப்பால் இவை யாவும் வணங்கத் தக்கவை.

எனினும் ஒரு குறையை மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். புகழ்பெற்ற பாரதப் புதினங்களில் பலவும் அரண்மனையில் தாழ்த்தி வைக்கப்பட்டவரின் துயரைத்தான் நடுவில் வைக்கின்றன. வீமனும் கர்ணனும் பாஞ்சாலியும் துயருற்றவர்கள், ஐயமில்லை. ஆனால் அவர்கள் யாவரும் அந்தக் கதையில் பெயருடையவர்கள். வங்காளத்தின் மகாசுவேதா தேவி ஒரு சிறுகதையில் இந்த வட்டத்தைத் தாண்டினார். முதுமையில் கானகத்தில் வாழும் குந்தியின் முன் ஒரு நிஷாதப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். பேச வேண்டியதை அவள் பேசினாள். எங்கள் ஆயா படித்திருந்தால் மகிழ்ந்திருப்பாள்.

'நம்மை இழித்த நூல்களோடு நமக்கென்ன உறவு? ஒதுக்கித் தள்ளுங்கள்' என்று சில இளைஞர்கள் சொல்கின்றனர். அந்தக் கோபம் நேர்மையானது. ஆனால் அண்ணல் அம்பேத்கர் என்ன செய்தார்? 1936-இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் சம்பூகன் கொலையை எடுத்து வைத்து, வருண முறையைக் காக்க வாள் தேவைப்பட்டது என்பதற்கு அதனையே சான்றாக்கினார். எதிர்த்தரப்பு ஆவணத்தை எழுத்தெண்ணிப் படித்த வழக்கறிஞரின் முறை அது. வணங்குவதற்காக அன்று, வழக்காடுவதற்காக நாமும் படிக்க வேண்டும்.

அந்த வழக்கை யார் நடத்த வல்லவர்? ஒரு சிறு செய்தியைச் சிந்தியுங்கள். அரக்கு எங்கிருந்து வருகிறது? புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி கசியும் பிசின் அது. இன்றும் சார்க்கண்டிலும் சத்தீசுகரிலும் பழங்குடி மக்களே அதனைச் சேகரிக்கின்றனர். அப்படியானால், வாரணாவதத்து மாளிகைக்குரிய அரக்கைக் காட்டிலிருந்து சுமந்து வந்தோர் யாவர்? அந்த நிஷாதப் பெண்ணின் சுற்றத்தாராக இருந்திருக்கலாம் அல்லவா? தன் கை சேர்த்த அரக்கிலேயே அவள் எரிந்தாளோ? நூலகத்தில் அமர்ந்திருப்பவனுக்கு இந்த ஐயம் எளிதில் எழாது. கடுக்காயும் தேனும் பொறுக்கி எடுத்து, சந்தையில் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும் மலைமக்களின் பிள்ளைக்கு எழும். கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. கூலியில்லா வெட்டி வேலையை நினைவில் வைத்திருக்கும் முதியோர் சொல்வதை எழுதிக்கொள்ள இன்னும் சில ஆண்டுகளே நமக்கு உண்டு.

மலையின் துயரும் சேரியின் துயரும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். பெயரின்மை மட்டும் இரண்டுக்கும் பொது. என் தகப்பனார் உழைத்த பண்ணையின் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை பார்க்க நேர்ந்தது. மாடுகளுக்கு மயிலை, செவலை என்று அடையாளம் எழுதியிருந்தது. என் தகப்பனார் இருக்க வேண்டிய வரியில் 'ஆள் 1' என்று இருந்தது. அன்றுதான் ஆயாவின் கேள்வி எனக்கு முழுதாக விளங்கிற்று. அவள் பாரதத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

மாணவச் செல்வங்களே! இந்தக் கழகம் 25 ஆண்டுகளாகச் செய்துவரும் முதல் பணி, சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பெயரையும் பெற்றோர் பெயரையும் பிழையின்றி எழுதுவது. அதற்கு அடுத்த பணி உங்களுடையது. வியாசன் ஒரு மீனவப் பெண்ணின் மகன் என்று அந்தக் கதையே சொல்கிறது. ஓடம் செலுத்தியவள் வயிற்றில் பிறந்தவன் பாரதம் பாடலாமெனில், நாற்று நடுபவள் வயிற்றில் பிறந்தவள் அதனைத் திருப்பிப் பாடலாம். பேசும் மொழியிலேயே எழுதுங்கள். சாமைச் சோற்றின் மணத்தையும், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு விருந்துக்கு நடந்த தொலைவையும், ஐந்து பிள்ளைகளில் எவன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கினான் என்பதையும் எழுதுங்கள். முதற்பக்கத்திலேயே அவளுக்கு ஒரு பெயர் வையுங்கள். ஐந்து பிள்ளைகளுக்கும் தனித்தனியே வையுங்கள்.

எங்கள் ஆயா மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. அவள் கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. உங்களில் ஒருவர் சொல்வீர்கள் என்னும் நம்பிக்கையோடு அமர்கிறேன்.

வாழ்க கல்வி! வளர்க கழகம்!