கோகோ கடலை உருண்டையும் அதன் லேபிளும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பள்ளிப்பட்டு குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுப்பில் பாகு காய்ச்சாமல், ஓவன் இல்லாமல், கடலையும் பேரீச்சம்பழமும் வைத்து சாக்லேட் உருண்டை செய்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். செய்முறையைச் சொல்லிடறேன், அது பத்து நிமிஷம்கூட ஆகாது. எங்க குழுவை மூணு கூட்டம் சண்டை போட வைத்தது செய்முறை இல்லை, டப்பா மேல ஒட்டுற லேபிள். அதையும் சொல்லணும்.

உருண்டை பிடிக்கிறது நமக்குப் புதுசா? எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை, மாலாடு எல்லாம் நம்ம பாட்டிமார் பிடித்ததுதான். பள்ளிப்பட்டில் பாதி வீட்டில் தெலுங்கு பேசுவோம். அங்கே செனக்காய உண்ட, நூவுல உண்ட என்று பேர் மாறும், கை ஒண்ணுதான். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பாகு பதம் தெரிந்த கை வேணும். பதம் ஒரு நிமிஷம் தவறினால் பல் உடையும், இல்லை கையில் ஒட்டும். கொதிக்கிற பாகு கையில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். எங்க குழுவில் பன்னிரண்டு பேர், அதில் நாலு பேர் பொதட்டூர்பேட்டை தறி வேலையை விட்டுட்டு வந்தவங்க. அவங்க ஒரே நாளில் கத்துக்கிற மாதிரி இருக்கணும்னுதான் பாகு இல்லாத உருண்டைக்கு வந்தோம். பேரீச்சம்பழமே இனிப்பு, அதுவே பசை.

முதலில் எல்லாரும் பாதாம், முந்திரி என்றுதான் சொன்னார்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பாதாம் கலிஃபோர்னியாவிலிருந்து கப்பலில் வருது, வேர்க்கடலை நம்ம மானாவாரிக் காட்டிலிருந்து வருது. நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம், பாதாமில் 21 கிராம்தான். விலையோ ஐந்து ஆறு மடங்கு. ஏழைகளின் பாதாம் என்று கடலைக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேர் பிடிக்காது. கடலை கடலைதான், அதற்கு இன்னொருத்தர் பேர் எதற்கு?

அளவு சொல்றேன், எழுதிக்குங்க. வேர்க்கடலை அரை கிலோ. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் அரை கிலோ. எள்ளு நூறு கிராம், உலர் திராட்சை நூறு கிராம், கொப்பரைத் துருவல் ஐம்பது கிராம், இனிப்பில்லாத கோகோ பவுடர் ஐம்பது கிராம். ஏலக்காய் நாலு, உப்பு ஒரு சிட்டிகை. உப்பை விட்டுடாதீங்க, கோகோவின் கசப்பை அதுதான் சமாதானம் பண்ணும்.

கடலையை வாங்கினதும் தட்டில் பரப்பி ஒவ்வொண்ணா பார்க்கணும். சுருங்கினது, கறுத்தது, பூஞ்சை பிடிச்சது எல்லாம் வெளியே. வறுத்தா சரியாயிடும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. ஈரக் கடலையில் வளர்கிற பூஞ்சை அஃப்ளடாக்ஸின் என்று ஒரு நஞ்சை விடும், கல்லீரலைக் கெடுக்கும். வறுக்கிற சூட்டுக்கு அது முழுசா போகாது. மழை நாளில் வாங்குற கடலைக்கு இரண்டு மடங்கு கவனம் வேணும்.

பொறுக்கின கடலையை மிதமான தீயில் வறுங்க. நிறம் மாறும்போதே இறக்கிடணும், ஏன்னா இறக்கின பிறகும் சட்டி சூட்டில் வறுபடும். ஆறினதும் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்குங்க. மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டணும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக் கூழாயிடும். ரவைக்குக் கொஞ்சம் பெரிசாக இருந்தால் போதும். எள்ளில் பாதியையும் வறுத்து இதோடு சேருங்க, மீதிப் பாதி கடைசியில் மேலே உருட்ட. கொப்பரையைச் சட்டியில் ஒரு புரட்டு புரட்டி ஈரம் போக்குங்க.

பேரீச்சம்பழத்தை, கொட்டை நீக்கியதுன்னு பாக்கெட்டில் போட்டிருந்தாலும், ஒவ்வொண்ணா பிளந்து பாருங்க. கொட்டைத் துண்டு கிடக்கும், சில நேரம் பூச்சியும். அப்புறம் திராட்சையோடு சேர்த்து நறுக்கி, மிக்ஸியில் அரைத்து, கடலைப் பொடி, சலித்த கோகோ எல்லாம் போட்டுக் கையால் பிசையுங்க. உதிருதுன்னு தண்ணியோ பாலோ தெளிக்கக் கூடாது. ஒரு ஸ்பூன் ஈரம் போதும், நாலாம் நாள் பூஞ்சை பிடிக்கும். உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் பேரீச்சை சேருங்க, இல்லாவிட்டால் ஒரு டீஸ்பூன் நெய். தராசில் 15 கிராம் வைத்து உருட்டி, எள்ளில் புரட்டி, பட்டர் பேப்பரில் சுற்றுங்க. இந்த அளவுக்குக் குறைந்தது 80 உருண்டை வரும்.

கோகோ வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பாலில் கலக்கிக் குடிக்கிற சாக்லேட் பவுடர் வேறே, அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்க, கோகோ பவுடர் என்று மட்டும்தான் இருக்கணும். 2024-ல் ஆப்பிரிக்காவில் கானா, ஐவரி கோஸ்ட் பக்கம் விளைச்சல் படுத்ததில் உலகச் சந்தையில் கோகோ டன் 10,000 டாலரைத் தாண்டியது. அதன் சூடு நம்ம மளிகைக் கடை வரைக்கும் வந்தது. எங்கேயோ மழை தப்பினா பள்ளிப்பட்டில் உருண்டை விலை ஏறுது பாருங்க.

“ஏன்க்கா, கோகோ பவுடர் எதுக்கு? சாக்லேட் கட்டியையே உருக்கி மேலே ஊத்தினா பளபளன்னு இருக்குமே?” என்று சின்னப் பொண்ணுங்க கேட்பாங்க. நல்ல கேள்வி. உண்மையான சாக்லேட்டில் இருக்கிற கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிடும். அதனால்தான் நாக்கில் வைத்ததும் கரையுது. ஊட்டியில், கொடைக்கானலில் வீட்டுச் சாக்லேட் விற்கலாம், குளிர் இருக்கு. நம்ம ஊரில் மே மாசம் 40 டிகிரி, நகரி மலைப் பாறை விடுகிற அனல் வேறே. டப்பா கடைக்குப் போய்ச் சேரும்போது குழம்பாயிடும். இந்த வெயிலைக் கொஞ்சம் தாங்குகிற மலிவான கட்டி ஒண்ணு கிடைக்கும், காம்பவுண்டு என்பார்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு, பல சமயம் ஹைட்ரஜன் ஏற்றியது, கூடவே நிறைய சர்க்கரை. கடலையும் பேரீச்சையும் போட்டு நல்லதா ஒண்ணு செய்துட்டு, அதன் மேலே இதை ஊத்துறதா? எங்களுக்கு மனசு வரலை. கோகோ பவுடர் உள்ளேயே கலந்திருந்தால் எந்த வெயிலிலும் உருகாது.

சாக்லேட் என்றால் பெரிய கம்பெனிக்காரன் சமாசாரம் என்று நினைக்காதீங்க. கர்நாடகத்துப் புத்தூரில் 1986 முதல் ஒரு சாக்லேட் ஆலை ஓடுது. நான் சொல்றது எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற நம்ம பக்கத்துப் புத்தூர் இல்லை, மங்களூர் பக்கத்துப் புத்தூர். காம்ப்கோ என்கிற விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் நடத்துவது அது. பாக்கு விவசாயிகள் சேர்ந்து தொடங்கின சங்கம். கோகோவை வாங்க ஆளில்லாமல் அந்த விவசாயிகள் தவித்தபோது, சங்கமே கொள்முதல் செய்து, பிறகு ஆலையும் கட்டியது. நம்ம பொள்ளாச்சியிலும் தென்னைக்கு நடுவே கோகோ வளருது. வருங்காலத்தில் கூட்டமைப்பு மொத்தமாக அங்கிருந்து வாங்கினால் விலை குறையும். தலைவி அம்மா குறிச்சுக்கணும்.

இப்ப லேபிள் கதை.

போன வருஷம் ஒரு கடைக்காரர், பேர் வேண்டாம், மாசம் ஆயிரம் உருண்டை எடுக்கறேன்னார். எங்களுக்கு அது பெரிய ஆர்டர். வங்கிக் கடன் தவணை தலைக்கு மேலே நின்ன நேரம். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். டப்பா மேல “சுகர் ஃப்ரீ, சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்” என்று எழுதணும். “நீங்கதான் வெள்ளைச் சர்க்கரை போடலையே, எழுதறதுக்கு என்ன?” என்றார்.

கூட்டத்தில் வைத்தோம். பாதிப் பேர் எழுதலாம் என்றார்கள். அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், உண்மையிலேயே நாங்கள் ஒரு ஸ்பூன் சர்க்கரை போடலை, வெல்லமும் போடலை. அப்போ எங்க குழுவில் மூத்தவங்க, நாங்க பெத்தம்மா என்று கூப்பிடுறவங்க, ஒரு கேள்வி கேட்டாங்க: “எங்க வீட்டுக்காரருக்கு முந்நூறு இருக்கு. நாளைக்கு நாலு குடுக்கவா?”

யாரும் பதில் சொல்லலை. நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். பேரீச்சம்பழத்தில் நூறு கிராமுக்கு 65 கிராம் வாக்கில் சர்க்கரை, திராட்சையிலும் அப்படித்தான். அரை கிலோ பேரீச்சை, நூறு கிராம் திராட்சை. மொத்தம் 390 கிராம். அதை 80 உருண்டைக்குப் பங்கு போட்டால் ஒண்ணுக்கு ஐந்து கிராம் கிட்டே, அதாவது ஒரு டீஸ்பூன் சர்க்கரை. நாலு உருண்டைக்கு நாலு ஸ்பூன். பால் சாக்லேட்டில் எடையில் பாதி சர்க்கரை, நம்மதில் மூணில் ஒரு பங்கு. கூடவே கடலையின் புரதம், பழத்தின் நார்ச்சத்து. நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் இது இனிப்பு. பெத்தம்மா வீட்டுக்காரருக்கு நாலு குடுக்க முடியாது. ஒண்ணு குடுக்கிறதையும் அவரைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்லணும்.

சட்டமும் அப்படித்தான் இருக்கு. சுகர் ஃப்ரீ என்று போட நூறு கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. “சர்க்கரை சேர்க்கப்படவில்லை” என்று போடலாமே என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அதுவும் முடியாது. சர்க்கரைக்குப் பதிலாக உலர் பழக் கூழ் போட்டு இனிப்பாக்கினால் அந்த வாசகம் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறையில் இருக்கு. சாக்லேட் என்று பேர் வைக்கவும் தனி அளவுகோல் உண்டு. அதனால் எங்க டப்பாவில் இருக்கிற பேர் “கோகோ கடலை உருண்டை”. பிள்ளைங்க வாயில் அது சாக்லேட் உருண்டைதான், அதை யாரும் தடுக்க முடியாது.

கடைக்காரர் ஆர்டரை வேறே இடத்துக்குக் குடுத்துட்டார். ஆயிரம் உருண்டை போச்சு. அந்த மாசத் தவணையைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினோம். எழுதியிருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்கிற உறுப்பினர் எங்க குழுவில் இரண்டு பேர் இருக்காங்க, இந்தக் கூட்டத்திலேயும் இருக்காங்க. சிரிக்கிறாங்க பாருங்க.

கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிடறேன். நான் சொன்ன அளவின் நாலு மடங்கு ஒரு தடவையில் செய்வோம், 320 உருண்டை. சரக்கும் பேப்பரும் டப்பாவும் கேஸும் 1,500 ரூபாய். மூணு பேர் அரை நாள் வேலை, தலைக்கு 250 வீதம் 750. மொத்தம் 2,250. ஒண்ணு பத்து ரூபாய்க்கு நாங்களே விற்றால் 3,200 வரும், 950 மிச்சம். கடைக்குக் குடுத்தால் ஒண்ணுக்கு இரண்டு ரூபாய் அவங்க எடுத்துப்பாங்க, மிச்சம் 310 தான். நம்ம உழைப்பைக் கணக்கில் எழுதாமல் லாபம் லாபம் என்று சொல்றதை நிறுத்தணும் அக்கா, அதுதான் பாதிக் குழு உட்கார்ந்து போகக் காரணம். எங்களுக்கு இப்போ நல்ல வாடிக்கை, விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிற பொண்ணுங்க. காலை டிபன் இல்லாமல் ஓடுறவங்க. இரண்டு உருண்டை வாங்கிப் பையில் போட்டுப்பாங்க. மாலையில் பள்ளிக்கூட வாசல்.

வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். நாங்கள் எடுத்தபோது சிறு தொழிலுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். 2020-ல் வந்த பிரதமரின் குறு உணவுத் தொழில் திட்டத்தில் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை கூட்டமைப்பு வழியாக விதைத்தொகை கிடைத்தது. எங்க பெரிய மிக்ஸியும் தராசும் அதில் வந்ததுதான்.

லேபிளில் என்னென்ன: பேர், எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எல்லாப் பொருளும், நிகர எடை, செய்த தேதி, எதுவரை நல்லது, பதிவு எண், பச்சைப் புள்ளி, விலை, முகவரி. “வேர்க்கடலை உள்ளது” என்று தனியாகப் போடணும், சில பிள்ளைங்களுக்குக் கடலை ஒத்துக்காது, மூச்சே திணறும். எங்களுடையது மூணு வாரம் கெடாமல் இருந்தது, ஆனாலும் 15 நாள் என்றுதான் அச்சடிக்கிறோம். அங்கன்வாடி வயசுப் பிள்ளைங்களுக்குக் குடுத்தால் கடலையை நைசாகப் பொடித்ததுதான் குடுக்கணும். அரை கடலை தொண்டையில் சிக்கினால் ஆபத்து.

பந்தலுக்குப் பின்னாடி மேசை போட்டிருக்கோம். ஒரு தட்டில் எள்ளு போட்டது, இன்னொண்ணில் கோகோ கூட்டிப் போட்டது, ருசி பார்த்து எது தேவலைன்னு சொல்லுங்க. செய்து பார்க்க ஆசைப்படறவங்க வளையல், மோதிரத்தைக் கழட்டி வெச்சிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைச்சுட்டு வாங்க. தராசு ஒண்ணுதான் இருக்கு, நாலு நாலு பேரா வரணும்.