ஏடு பாராத இளைஞர்

வாத்தியக் குழுவை நெறிப்படுத்துபவரின் கையில் இருப்பது ஒரு சிறு கோலே. அதிலிருந்து ஓசை எதுவும் பிறப்பதில்லை; ஆயினும் அது தடுமாறினால் குழு முழுவதுமே தடுமாறும்.

1886ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள். பிரேசில் நாட்டின் றியோ டி ஜனைரோ நகரில், இத்தாலியக் குழுவொன்று வெர்டியின் 'அயீடா' என்னும் இசைநாடகத்தை நடத்தவிருந்தது. பிணக்குக் காரணமாக நெறியாளர் விலகிவிட்டார். அவருக்குப் பதிலாக வந்தவரைச் சபையோர் கூச்சலிட்டு விரட்டினர். செய்வதறியாது திகைத்த குழுவினர், செலோ வாசிக்கும் 19 வயது இளைஞர் ஒருவரை முன்னே அனுப்பினர். பார்மா நகரத்துத் தையற்காரரின் மகனாகிய ஆர்த்துரோ தொஸ்கனீனியே அவர்.

ஏட்டைப் பாராமலே அவர் நாடகம் முழுவதையும் நடத்தி முடித்தார். சீறிய சபை ஆரவாரித்தது. எஞ்சிய பருவமும் அவர் பொறுப்பாயிற்று.

இது தற்செயலாக வாய்த்த பேறன்று. அவருக்குக் கிட்டப்பார்வை, ஆதலால் இசையேடுகளை மனத்திற் பதித்துக்கொள்ளப் பழகியிருந்தார். பாடகரைப் பயிற்றுவதிலும் துணைநின்றமையால், நாடகத்தின் ஒவ்வொரு பகுதியையும் நன்கறிந்திருந்தார்.

வியப்புக்குரியது அதன் பின்னர் நிகழ்ந்ததே. தாயகம் மீண்டவர், அவ்வாண்டு நவம்பரில் தூரின் நகரில் கத்தலானியின் 'எட்மேயா'வை நெறிப்படுத்தினார். ஆனால் 1887 பெப்ரவரியில் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் வெர்டியின் 'ஒத்தெல்லோ' அரங்கேறியபோது, மீண்டும் செலோ வாசிப்போர் வரிசையில் ஒருவராக அமர்ந்தார். வெர்டியின் முன்னிலையில் கற்பதே அவர் நோக்கம்.

1898இல் அதே லா ஸ்காலாவின் தலைமை நெறியாளரானார். கைதட்டலுக்குப் பின்னும் மாணவராக அமரத் தெரிந்தவரையே அப்பதவி தேடி வந்தது.