கல்லூரிக் குழுவில் நாற்காலி யாருக்கு?

(ஆண்டர்சன்பேட்டையில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நம் வட்டாரத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். முடிவெடுத்த கையோடு, அதற்கு ஓர் அமைப்புக் குழு வேண்டுமே என்று பெயர்களை எழுதத் தொடங்கினோம். அரைமணி நேரத்தில் பதினொரு பெயர்கள் தாளில் ஏறிவிட்டன. நமக்கும் பெரிய திருப்தி. அப்போது மூத்த தோழர் ஒருவர், "பெயருக்கு எதிரே அவரவர் தொழிலையும் எழுதுங்கள்" என்றார். எழுதினோம். வழக்கறிஞர்கள் இருவர், டாக்டர் ஒருவர், ஓய்வுபெற்ற அதிகாரிகள் மூவர், கண்டிராக்டர் ஒருவர், தலைமையாசிரியர் ஒருவர். மீதி மூவருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் "பொதுச்சேவை" என்று எழுதினோம். (சிரிப்பு)

எல்லோரும் நல்லவர்கள்தான். அவர்கள் மீது நமக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தொழிலை எழுதிப் பார்த்த பிறகுதான் நமக்கு வெட்கம் வந்தது. சுரங்கத்தில் இறங்கியவர் அந்தப் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு ஓடுகிறவர் இல்லை. பெண் ஒருவரும் இல்லை. இந்தப் பட்டியலை எந்தத் துரையும் எழுதவில்லை, எந்த அரசாங்கமும் எழுதவில்லை. நாமே எழுதினோம்! தொழிலாளர் சங்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தொழிலாளியை மறந்து எழுதினோம். அந்தத் தவற்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ளத்தான் இந்த உரை.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று சில தாய்மார்கள் கேட்டார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மூன்று வருடம் பட்டப்படிப்புப் படிக்க வசதி இல்லாதவர்களுக்கும், பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும், வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்கும் உள்ளூரிலேயே தொழிலோடு சேர்ந்த கல்வி கொடுப்பது. அமெரிக்காவில் ஜோலியட் என்ற ஊரில் 1901-இல் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரியை இதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள். ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் கமிஷன் 1947-இல் இப்படிப்பட்ட கல்லூரிகளை நாடெங்கும் பரப்பச் சொன்னது. நம் நாட்டில் 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டம் ஒன்றைத் திறந்தது. 2009-இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கென்று திட்டங்கள் வகுத்தன.

இதை யார் நடத்துவது என்பதுதான் கேள்வி. கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரிகளின் அறங்காவலர்களை அந்தந்த வட்டாரத்து வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் மானியக் குழுவின் வழிகாட்டுதல், நிர்வாகக் குழுவில் தொழில்துறையின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் தொழில்துறைப் பிரதிநிதி என்றதும் எல்லோர் மனத்திலும் வந்து நிற்கிறவர் யார்? மேனேஜர். தொழிலைச் செய்கிறவன் தொழில்துறையில் சேர்த்தி இல்லையா? ஆளை வேலைக்கு எடுப்பவருக்கு ஒரு நாற்காலி என்றால், அந்த வேலையைத் தெரிந்தவருக்கும் ஒரு நாற்காலி வேண்டாமா?

குழுவில் யார் உட்கார்ந்தால் என்ன, கல்லூரி வந்தால் போதாதா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. போதாது. குழுவில் இருப்பவரின் தொழில் என்னவோ, அதுதான் அந்தக் கல்லூரியின் கண். அதிகாரியாக இருந்தவர் நல்ல ஃபைல் நடத்துவார். ஆனால் வகுப்பைக் காலை பத்து மணிக்கு வைப்பார். பத்து மணிக்கு நம் பிள்ளை எங்கே இருப்பான்? பெங்களூரில் ஏதோ ஒரு கட்டடத்தின் வாசலில் காவலுக்கு நின்றுகொண்டிருப்பான். ரயிலில் போகிறவன் ஒருவன் குழுவில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமையும் இரவும்தான் வகுப்பு என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவான். அதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். அந்த ரயிலில் நின்றுகொண்டே போன கால் வலி போதும்.

இது நமக்குப் புதிய யோசனையும் அல்ல. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்தும் நம் பாட்டன்மார் இந்தக் கல்லுக்குக் கீழே இறங்க வந்தார்கள். தட்டி வீட்டில் குடியிருந்தார்கள். அந்த நிலைமையிலும் அவர்கள் கல்விக்கென்று அமைப்பு கண்டார்கள். அயோத்திதாச பண்டிதர் 1898-இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. பண்டிதரின் தொழில் என்ன? சித்த வைத்தியம். அந்த இயக்கத்தின் மேடைகளில் முன்னின்ற லட்சுமி நரசு யார்? பௌதிகமும் ரசாயனமும் கற்பித்த பேராசிரியர். பெரியசாமிப் புலவர் தமிழ்ப் புலவர். இவர்களோடு சேர்ந்து நின்று, கைக்காசு போட்டு இயக்கத்தைத் தாங்கியவர்கள் தங்கவயல் தொழிலாளர்கள். வைத்தியரும் பேராசிரியரும் புலவரும் சுரங்கத் தொழிலாளியும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்! பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகை 'தமிழன்'. அவர் 1914-இல் மறைந்தார். பின்னர் நின்றுபோன அந்தப் பத்திரிகையை 1926-இல் மறுபடியும் உயிர்ப்பித்தது எந்த ஊர்? சென்னை அல்ல, மதுரை அல்ல. ஜி. அப்பாதுரையார் அதை இந்தத் தங்கவயலிலிருந்துதான் நடத்தினார். சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை புத்தகங்களை அச்சிட்டு வெளியிட்டது. அந்தக் காலத்தில் சமுதாயக் கல்லூரி என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான்.

கடல் கடந்த கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். அதுவும் சுரங்கத் தொழிலாளர் கதைதான். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் 1899-இல் தொழிலாளர்களுக்கென்று ரஸ்கின் கல்லூரி என்று ஒன்று தொடங்கினார்கள். மாணவர்கள் சுரங்கத்திலிருந்தும் ரயில்வேயிலிருந்தும் வந்தார்கள். ஆனால் நிர்வாகம் அவர்கள் கையில் இல்லை. பாடம் என்ன, பல்கலைக்கழகத்தோடு உறவு என்ன என்பதையெல்லாம் மேலே இருப்பவர்கள் தீர்மானித்தார்கள். மாணவர் பக்கம் நின்ற முதல்வர் டென்னிஸ் ஹேர்டு வெளியேற்றப்பட்டார். 1909-இல் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆம் தோழர்களே, வகுப்பறையில் வேலைநிறுத்தம்! வெளியே வந்தவர்கள் மத்திய தொழிலாளர் கல்லூரி என்று தனியாக ஒன்றைக் கண்டார்கள். அதைப் பின்னாளில் தாங்கியவை தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனமும் ரயில்வே தொழிலாளர் சங்கமும். இங்கே சந்தா கட்டியவனுக்கே நிர்வாகத்தில் குரல் இருந்தது.

அங்கே 1919 முதல் 1921 வரை படித்த ஒருவர் அனூரின் பெவன். பதின்மூன்றாவது வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அவருடைய ஊரான ட்ரெடிகரில் தொழிலாளர்கள் கூலியில் ஒரு பங்கு போட்டு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். டாக்டரை அமர்த்துவதும் அவர்கள்தான். பிற்காலத்தில் சுகாதார மந்திரியான பெவன், 1948-இல் நாடு முழுவதற்கும் இலவச மருத்துவத் திட்டம் கொண்டுவந்தபோது, அந்தச் சின்ன ஊர்ச் சங்கம்தான் அவருக்கு மாதிரி. அந்தக் கல்லூரி 1929-இல் மூடப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சங்கங்களின் கையில் பணம் வற்றியபோது அதுவும் வற்றியது. ஆகவே கணக்குத் தெரிந்தவரும் நம் குழுவில் கட்டாயம் வேண்டும். இதைப் பிறகு சொல்கிறோம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1930-இல் கம்பெனி தொழிலாளர்களின் கைரேகையைப் பதியச் சொன்னபோது நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதை அறிவீர்கள். கம்பெனிக்கு நம் விரல் ரேகை தேவைப்பட்டது. அந்த விரலுக்கு என்னென்ன தெரியும் என்று எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. அந்தக் காலத்தில் நாட்டில் எத்தனை ஊர்களில் மின்விளக்கைப் பார்த்திருப்பார்கள்? மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்தில், பாறை வெடித்துச் சிதறும் இடத்தில், மரத்தையும் கல்லையும் முட்டுக் கொடுத்து வேலை செய்த அறிவு நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து எழுந்த ஆராய்ச்சிக்குத் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் இங்கேயே அமைந்தது. விஞ்ஞானிகளின் கட்டுரைகள் உலகமெங்கும் போயின. மகிழ்ச்சிதான். முட்டுக் கொடுத்தவர் பெயர் எங்கே போயிற்று?

சிலருக்குச் சான்றிதழ் உண்டு. 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைப்படி ஃபோர்மேன், மேட், பிளாஸ்டர், வைண்டிங் இன்ஜின் டிரைவர், சர்வேயர் ஆகியோர் பரீட்சை எழுதித் தகுதிச் சான்றிதழ் பெற்றவர்கள். சாதாரணக் காகிதமா அது? வைண்டிங் இன்ஜின் டிரைவர் ஒருவர், தான் கண்ணால் காணாத ஆழத்தில் நிற்கிறவர்களை மணியோசையை மட்டும் கேட்டு மேலே கொண்டுவருவார். ஒரு கேஜ் நிறைய உயிர்கள் அவர் கைப்பிடியில். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. நமக்குத் தெரிந்த அப்படிப்பட்ட டிரைவர் ஒருவர், அதன் பிறகு பல வருடம் பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்டைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. கதவைத் திறந்துவிடுவது மட்டும் வேலை.

அவரைத்தான் நாம் முதல் பட்டியலில் மறந்தோம்.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. சுரங்கம் மூடியபோது நாற்பது வயதில் இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். பலருக்கு நெஞ்சில் தூசு நோய். நேற்று இருந்தவரை இன்று காணோம். 2013 டிசம்பரில் அரசு தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை அறிவித்தது. 2015 முதல், அனுபவத்தில் கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் சோதிக்கிறவர் யார்? மெஷினைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர் வந்து ஃபிட்டரைச் சோதித்தால் என்ன ஆகும் என்று ஃபிட்டர் தோழர்களுக்குத் தெரியும். (சிரிப்பு) கல்லூரிக் குழுவில் தொழில் தெரிந்தவர் இருந்தால்தான், சோதிக்கிற இடத்திலும் தொழில் தெரிந்தவரைப் போடுவார்கள்.

வழக்கறிஞர் வேண்டாம் என்று சொல்கிறோமா? இல்லை. நிலத்துக்குப் பத்திரம், சங்கத்துக்குப் பதிவு, லைன் வீடுகளின் உரிமைப் பிரச்சினை என்று நூறு சிக்கல் இருக்கிறது. ஒருவர் வேண்டும். இருவர் எதற்கு? ஒரே விஷயத்துக்கு இரண்டு கருத்து சொல்வதற்கா? ஆசிரியர் வேண்டும், அதிலும் கன்னடமும் தமிழும் தெரிந்தவர் வேண்டும். நாம் நான்கு தலைமுறையாகக் கர்நாடகத்தில் வாழ்கிறோம். பிள்ளைகள் கன்னடம் நன்றாகக் கற்க வேண்டும், தமிழையும் விடக் கூடாது. கன்னடத் தோழர் ஒருவர் குழுவில் இருப்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. வேலை தேடும்போது நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அவருக்கு நம்மைவிடத் தெளிவாகத் தெரியும்.

இனி, கணக்கு. நம் ஆண்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த ஊரில் பணத்தைக் கையாளத் தெரிந்தவர்கள் யார் என்று பார்த்தால், ஓய்வுபெற்ற அக்கவுண்டன்ட் ஒருபக்கம் இருக்கட்டும், சுயஉதவிக் குழு நடத்தும் பெண்கள்தான். இருபது பேர் சேமிப்பை வாரம் தவறாமல் வாங்கி, வங்கியில் கட்டி, கடன் கொடுத்து, திரும்ப வாங்கி, ஒரு ரூபாய் குறையாமல் நோட்டில் காட்டுகிறார்கள். மாதர் பகுதியிலிருந்து ஒரு தாயார் எழுந்து, "எங்களை டீ கொடுக்கக் கூப்பிடுவீர்கள், கையெழுத்துக்குக் கூப்பிட மாட்டீர்கள்" என்று சென்ற வாரம் சொன்னார். பதில் சொல்ல முடியவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களும் இருக்கிறார்கள். எந்த மெஷினுக்கு இன்று எவ்வளவு கூலி, எந்த வேலை நாளை இருக்காது என்பதை அவர்களைவிட யார் சொல்ல முடியும்?

கட்சிக்காரர்கள் பற்றி ஒரு வார்த்தை. சங்கம் அரசியல் பேசும், பேசத்தான் செய்யும். கட்சிக்காரர் குழுவில் வரலாம். ஆனால் கட்சியின் பெயரால் வரக் கூடாது. அவரும் ஏதோ ஒரு தொழில் செய்துதானே சாப்பிட்டிருப்பார், அந்தத் தொழிலின் பெயரால் வரட்டும்.

ஆகவே பழைய பட்டியலைக் கிழித்துவிட்டோம். பதினொரு நாற்காலி அப்படியே இருக்கட்டும். முதலில் நாற்காலிக்குத் தொழிலை எழுதுவோம், பிறகு ஆளைத் தேடுவோம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. தரைக்குக் கீழே வேலை செய்தவர் இருவர். அவர்களில் ஒருவர் தகுதிச் சான்றிதழ் பெற்றவர். ரயிலில் போகும் இளைஞர் ஒருவர். ஆடைத் தொழிற்சாலைப் பெண் ஒருவர். சுயஉதவிக் குழுவிலிருந்து ஒருவர், பொருளாளராக. மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர் ஒருவர். ஆசிரியர்கள் இருவர், ஒருவர் கன்னடம் ஒருவர் தமிழ். வழக்கறிஞர் ஒருவர். வேலை கொடுக்கும் நிறுவனங்களின் சார்பில் ஒருவர். நிர்வாக அனுபவம் உள்ள ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். டாக்டரிடமும் கண்டிராக்டரிடமும் ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம், அவர்கள் மனம் கோணாமல் நாமே போய்ச் சொல்லிவிடுகிறோம்.

சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர் இருந்தால், அவர் பெயரையும், எந்த ஷாஃப்டில், என்ன வேலை, எத்தனை வருடம் என்பதையும் எழுதுங்கள். சான்றிதழ் இருந்தால் பெட்டியிலிருந்து எடுத்து நகல் கொண்டுவாருங்கள். எழுத முடியாதவர்களுக்கு நம் பிள்ளைகள் வீட்டுக்கே வந்து கேட்டு எழுதிக்கொள்வார்கள். பெண்களும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நோட்டு அடுத்த பொதுக்குழு வரை திறந்திருக்கும். அந்தப் பெயர்களிலிருந்துதான் குழுவை நீங்கள் கைதூக்கித் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள்.