காடும் கடலும் பிள்ளைகளும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நோயைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் விடுமுறையைப் பற்றிப் பேசப் போகிறேன். கட்டாரிலும் லண்டனிலும் இருக்கும் நம் பழைய மாணவிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: பிள்ளைகளை ஆபிரிக்காவுக்குச் சபாரி கூட்டிப் போகலாமா? கென்யாவில் மாசாய் மாராவும் கடற்கரையும், அல்லது தன்சானியாவில் செரெங்கெட்டியும் சன்சிபாரும்.

போகலாம். ஆனால் அங்கே மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையைப் புறப்படுமுன்பே தொடங்கி, திரும்பிய பின்பும் கொடுக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வழமையாகப் போடுவதில்லை. போட்டு 10 நாள் கழிந்த பின்புதான் சான்றிதழ் செல்லுபடியாகும். சில விடுதிகள் சின்னப் பிள்ளைகளைச் சபாரி வாகனத்தில் ஏற்றுவதில்லை. காசு கட்டுமுன் கேளுங்கள். கடைசிப் பிள்ளைக்கு ஏழு வயதாகட்டும் என்பது என் அபிப்பிராயம்.

அதுவரை? 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடென்று சான்றளித்த இலங்கையில், காடும் கடலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மாவட்டம் நம்முடையது. (டெங்கு போய்விடவில்லை. நுளம்புக்கான பூச்சு மருந்து பையில் இருக்கட்டும்.) கல்முனையிலிருந்து பொத்துவில் சுமார் 70 கிலோமீற்றர். அதற்கு மேற்கே லகுகல. குளத்துப் புல்லுக்கு யானை வரும். தெற்கே பாணமை, ஒகந்தை, குமண. நாங்கள் இங்கே படித்த காலத்தில் குமண பூட்டிக் கிடந்தது. 1985இல் மூடிய சரணாலயம் 2003இல்தான் திறந்தது. நம் உம்மாமார் பலர் பார்க்காத இடம் அது. மே, ஜூனில் போனால் வில்லுக்குளத்துக் கண்டல் மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டியிருக்கும். இங்கினியாகலைக்குப் போனால் சேனநாயக்க சமுத்திரத்தில் யானை தீவுக்குத் தீவு நீந்துவதைப் படகிலிருந்தே பார்க்கலாம்.

காட்டுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஜீப்பில் மூன்று மணி நேரம் போதும். காலையில் போங்கள். தண்ணீரைப் பாணமையிலேயே வாங்குங்கள், ஜீவனிப் பக்கட் இரண்டு வையுங்கள். முட்டு வரும் பிள்ளைக்கு இன்ஹேலர் கையில் இருக்க வேண்டும், புழுதி பொல்லாதது. பாணமை வீதியில் இருட்டுக்கு முன் திரும்பி விடுங்கள், யானைக்கு நேரசூசி இல்லை.

கடலைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். என் அறைக்கு வரும் பிள்ளைகளிடம் நீந்தத் தெரியுமா என்று கேட்பேன். அலைச் சத்தம் கேட்கும் வீட்டில் வளரும் பெண்பிள்ளைகள் இல்லையென்று தலையாட்டுகிறார்கள். காரணம் எனக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அந்தக் கடலுக்குப் பிள்ளையை அனுப்ப எந்த உம்மாவுக்கு மனம் வரும்? ஆனால் ஆண்பிள்ளை எப்படியோ களவாகப் போய் நீந்தப் பழகிவிடுகிறான். பெண்பிள்ளை கரையில் பைக்குக் காவல் இருக்கிறாள். தம்பியை அலை இழுத்தால் ஓடிப் பாய்வது அவள்தான், அபாயாவோடு. நனைந்த துணி காலைச் சுற்றினால் நன்றாக நீந்துபவளாலும் முடியாது.

அதனால் மூன்று வேலை செய்யுங்கள். உடலை மூடும் நீச்சல் உடை இப்போது கிடைக்கிறது. உங்களுக்கும் மகளுக்கும் வாங்குங்கள். பெண்கள் பழக்கும் இடம் தேடி, விடுமுறைக்கு முன்பே நீந்தப் பழக்குங்கள். கடல் இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி இழுவையிலிருந்து விலகச் சொல்லிக் கொடுங்கள். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் பல நேரம் இழுக்கும் இடம். அறுகம்பேயில் சேர்ஃப் பலகைக்காரர் விளையாடும் முனைக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். எங்கே இறங்கலாம் என்று கரையில் நிற்கும் மீனவரைக் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு நடவுங்கள், கணவர் சொல்வதை அல்ல. கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடுவதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். தெரிந்து வைத்திருக்கும் பிள்ளைக்குப் பயம் குறைவு.

காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. நவம்பரில் மழையும் கடல் கொந்தளிப்பும். இரண்டு இரவு போதும்: முதல் நாள் பின்னேரம் பொத்துவில், மறுநாள் காலை குமண, பகல் தூக்கம், மாலையில் களப்பில் ஓடம், மூன்றாம் நாள் காலை வெயில் ஏறுமுன் கடல்.

மூத்தம்மாவை வீட்டுக் காவலுக்கு விட்டுவிட்டுப் போகாதீர்கள். இன்சுலினைத் துணியில் சுற்றி, ஐஸ் நேரே படாமல் பெட்டியில் வையுங்கள். ஜீப்பில் முன் ஆசனம் அவருக்கு. குலுக்கல் அங்கேதான் குறைவு.