மண் அள்ளும் இயந்திரத்தின் நாடி



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி. கல்லாற்றைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், கடல்மட்டத்துக்குமேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம். பெயரே தமிழாக இருப்பதில் நமக்கொரு மகிழ்ச்சி உண்டு. ஆயினும் இன்று நாம் பேச வந்தது மலையழகைப் பற்றியன்று. பெருமழையில் அச்சாலைமீது மண் சரிந்தால் அதனை வாரி ஒதுக்க வரும் இயந்திரத்தைப் பற்றி. கேரளத்தார் அதனை ‘ஹிட்டாச்சி’ என்பர். தமிழகத்தில் ‘பொக்லைன்’ என்பாரும் உளர். முன்னது ஜப்பானியக் கம்பெனியின் பெயர், பின்னது பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். செய்தவன் பெயரே செய்பொருளுக்கும் ஆகிவிட்டது.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரை விழுங்கியது. அவர்களுள் பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அவர்களைத் தேடி மண்ணை அகழ்ந்தவை இத்தகைய இயந்திரங்களே. அத்தகைய வேளையில் ஓர் இயந்திரம் காரணம் தெரியாமல் வலுவிழந்து நின்றால், அதன் பொருள் என்ன என்பதை நாம் விளக்கவேண்டுவதில்லை.

திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் நாடெங்கும் செல்வது போலவே, மண் அள்ளும் இயந்திரத்தோடு வெளிமாநிலம் சென்ற நம்மவரும் பலர். ஓட்டுநராகத் தொடங்கி, சேமிப்பையும் வீட்டுப் பெண்டிரின் நகையையும் ஒன்றுசேர்த்துப் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி முதலாளியாவது அவர்கள் கனவு. அக்கனவு ஒரு கைவிரலளவேயான உணர்வியினால், அதாவது பட்டறையில் நாம் ‘சென்சார்’ என்று சொல்லும் பொருளினால், கலைவதும் உண்டு.

பழங்காலத்து டீசல் எஞ்சினில் மானி பழுதானால் முள்தான் பொய் சொல்லும்; எஞ்சின் தன்பாட்டில் ஓடும். இக்காலத்து எஞ்சினில் அப்படியன்று. நீரின் வெப்பம், எண்ணெயின் அழுத்தம், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், டீசல் குழாயின் அழுத்தம் ஆகியவற்றை உணர்விகள் மின்னழுத்தமாக மாற்றி எஞ்சினின் கணிப்பொறிக்கு அனுப்புகின்றன. செய்தி ஐயத்துக்குரியதாயின், எஞ்சினைக் காக்க வேண்டி அக்கணிப்பொறி வேகத்தையும் வலுவையும் குறைத்துவிடும். திரையில் ஒரு பிழைக்குறியையும் காட்டும்.

பழைய இயந்திரம் வாங்கச் செல்வோர் விடியற்காலையில் செல்லுதல் நலம். விற்பவர் முன்கூட்டியே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், அதுவே ஒரு செய்தி. இரவு முழுதும் நின்ற இயந்திரத்தில் சாவியை மட்டும் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் திரையைக் காணுங்கள். நீர், காற்று, டீசல் ஆகியவற்றின் வெப்பநிலைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருத்தல் வேண்டும். குளிர்ந்த பொன்முடிக் காலையில் நீர் மட்டும் 80 பாகை என்று காட்டினால், அங்கே ஏதோ சூது உண்டு. எஞ்சின் கொதிப்பதை மறைக்க வெப்ப உணர்வியைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் சில காசு பெறும் மின்தடை ஒன்றைப் பொருத்துவோரும் இருக்கின்றனர்! அந்த மானி காலையிலும் மாலையிலும் ஒரே கதையைத்தான் சொல்லும்.

டர்போ அழுத்த உணர்விக்கு மலையே சோதனைச்சாலை. காற்றின் முழு அழுத்தத்தைக் காட்டும் வகையாயின், எஞ்சின் நிற்கும்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். கடற்கரையில் அது சுமார் 101 கிலோபாஸ்கல். பொன்முடி உச்சியிலோ 89 அளவில்தான் இருக்கும். அங்கும் 101 என்று நிற்கும் உணர்வி உறங்குகிறது என்று கொள்ளலாம்.

பிழைக்குறிகளுக்கு ஜே1939 என்னும் பொதுமுறையைப் பல கம்பெனிகள் பின்பற்றுகின்றன. தமக்கெனத் தனி எண்கள் வைத்தவையும் உள. பொதுமுறையில் முதல் எண் எந்த உணர்வி என்பதைச் சொல்லும். இரண்டாம் எண் குற்றம் எத்தகையது என்பதைச் சொல்லும். இந்த இரண்டாம் எண்ணைப் படியாமல் உணர்வியை மாற்றுவோர்தாம் பணத்தை இழப்பவர். அது 0 அல்லது 1 ஆயின், உணர்வி மெய்யே பேசுகிறது, குறை எஞ்சினில். டீசல் அழுத்தம் குறைவு என்றால் அடைபட்ட வடிகட்டியையும் டீசலில் கலந்த நீரையும் முதலில் பார்க்க வேண்டும். 3 ஆயின் மின்னழுத்தம் மிகை. 4 ஆயின் குறைவு. இவ்விரண்டும் மின்சுற்றின் குற்றங்கள்.

4 என்று காட்டும் வெப்ப உணர்வியின் கப்ளரைக் கழற்றுங்கள். குறி 3 ஆக மாறினால் கம்பியும் கணிப்பொறியும் நலம், உணர்வியே பழுது. மாறாமல் 4 ஆகவே நின்றால், கம்பி எங்கோ உடலோடு ஒட்டுகிறது. இச்சோதனைக்குக் காசு செலவில்லை. கம்பியின் உறையை ஊசியால் குத்தி அளப்பதை மட்டும் தவிர்த்தல் வேண்டும். மழைநாட்டில் அத்துளை வழியே நீர் புகுந்து, சில மாதங்களில் செம்பு பச்சை பூத்துவிடும். டீசல் குழாயில் கைவைப்பதோ அதனினும் கொடிது. ஓடும் எஞ்சினில் அங்கே ஆயிரம் பாரையும் கடந்த அழுத்தம் உண்டு. மெல்லிய கசிவும் தோலைத் துளைத்து உட்புகும்.

பொன்முடிச் சாலைப் பணிக்கு வந்த தென்காசிப் பக்கத்து அன்பர் ஒருவரின் இயந்திரம் நினைவுக்கு வருகிறது. சும்மா ஓடும்போது குறையே இல்லை. வாளியை மண்ணில் ஊன்றி இழுத்தால் எஞ்சின் திணறும். டர்போ அழுத்தம், எண்ணெய் அழுத்தம், டீசல் அழுத்தம் என மூன்று குறிகள் ஒருங்கே தோன்றும். மூன்றிலும் 4. அவர் கடன் சொல்லி இரண்டு புதிய உணர்விகளை மாற்றிவிட்டார், பயனில்லை. மூன்றாவதையும் வாங்கப் புறப்பட்டவரை, “அண்ணாச்சி, சற்றுப் பொறுங்கள்” என்று நிறுத்தினோம்.

மூன்று உணர்விகள் ஒரே நாளில் சாவது அரிது. ஆனால் அம்மூன்றுக்கும் கணிப்பொறியிலிருந்து 5 வோல்ட் மின்சாரம் செல்லும் கம்பி ஒன்றாக இருத்தல் கூடும். அக்கம்பி உடலைத் தொட்டால் மூன்றும் ஒருங்கே ஊமையாகும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். 5 வோல்ட் அசையாமல் நின்றது. பிறகு கம்பிக்கட்டைச் சாண் சாணாக அசைத்துக்கொண்டே வந்தோம். டர்போவின் கீழ், ஓர் இரும்புத் தாங்கியின் அருகே கை சென்றதும் எண் சரிந்து வீழ்ந்தது. உறை தேய்ந்து, செம்பு வெளியே மின்னிற்று. பளு ஏறும்போது எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின்மேல் சிறிதே சாயும்; அச்சாய்வில்தான் கம்பி இரும்பைத் தொட்டிருக்கிறது.

அறுந்த இழைகளைச் சேர்த்துப் பற்றவைத்து, உறையிட்டு, தாங்கியிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கட்டினோம். மாலைக்குள் வேலை தொடங்கிவிட்டது. அவர் கழற்றிய பழைய உணர்விகள் இரண்டும் பழுதற்றவை. அவற்றை எறிய மனமின்றித் துணியில் சுற்றித் தம் கருவிப்பெட்டியில் வைத்துக்கொண்டார்.