வீடு மாறிய கணிப்பொறி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, எங்களைத் திட்டியும் தட்டிக்கொடுத்தும் ஆளாக்கிய பேராசிரியப் பெருமக்களே, கடைசி பெஞ்சு நண்பர்களே, மாணவச் செல்வங்களே!

"பத்து நிமிஷம்தான், அறுக்காம பேசு" என்று சங்கச் செயலாளர் எச்சரித்திருக்கிறார். ஆகவே தத்துவம் எதுவும் வேண்டாம். ஒரு ராத்திரி நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

ஒரு கணிப்பொறிக்குள்ளேயே மென்பொருளால் இன்னொரு கணிப்பொறியை உண்டாக்கலாம். அதுதான் விர்ச்சுவல் மெஷின். ஐ.பி.எம். 1972-லேயே வி.எம்./370 என்ற பெயரில் இதை அறிவித்துவிட்டது. உள்ளே ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரிவதெல்லாம் பாவனை டிஸ்க்கும் பாவனை நெட்வொர்க் கார்டும்தான்.

2016-ல் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ரிப்போர்ட்டுகள் எல்லாம் இப்படி ஒரு மெஷினில், சென்ட் ஓ.எஸ். 7-ல் ஓடிக்கொண்டிருந்தன. புதிதாக வாங்கிய கருவிக்கு, கணிப்பொறியில் நேரடியாகச் செருகும் கார்டு ஒன்று தேவைப்பட்டது. எனவே மொத்தத்தையும் நிஜக் கணிப்பொறிக்கு மாற்ற வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ஆரம்பித்தேன். திங்கள் காலை ஆறு மணிக்கு நோயாளிகள் வெறும் வயிற்றோடு வந்து நிற்பார்கள்.

உதவிக்கு நம் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர் வந்திருந்தார். 40 ஜி.பி. டிஸ்க் கோப்பை 'ரா' வடிவத்துக்கு மாற்றி, புது டிஸ்க்கில் அப்படியே எழுதினேன். "அவ்வளவுதான் தம்பி, பழசை அழிச்சிடலாமா?" என்றேன். "இருக்கட்டும்ணா, முதல்ல இது எழுந்திருக்கட்டும்" என்றார்.

சுவிட்சைப் போட்டேன். எழுந்திருக்கவே இல்லை! பழையது பயாஸ் முறையில் பூட் ஆனது, புதியதோ யு.இ.எஃப்.ஐ. முறையில் தேடியது. செட்டிங்கை பழைய முறைக்கு மாற்றினேன். கெர்னல் வந்தது, ஆனால் "ரூட் டிஸ்க்கைக் காணோம்" என்று பாதியில் நின்றது. மணி இரண்டு. எனக்கு வேர்த்துவிட்டது.

அப்போது அந்தத் தம்பி கேட்டார்: "அண்ணா, பழைய வீட்டுல இது என்ன டிஸ்க்கைப் பார்த்துட்டு இருந்துச்சு?" அங்கேதான் விஷயம். பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்ஃப்எஸ் என்ற சிறு மூட்டையில், அந்தந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் வைப்பது இந்த சிஸ்டத்தின் வழக்கம். மூட்டையில் இருந்தது பாவனை டிஸ்க்கின் விர்டியோ டிரைவர். நிஜ சாட்டா டிஸ்க்குக்கு வேண்டிய ஏ.ஹெச்.சி.ஐ. டிரைவர் இல்லை!

நல்லவேளை, பூட் மெனுவில் 'ரெஸ்க்யூ' என்று ஒன்று உண்டு. அதன் மூட்டையில் எல்லா டிரைவர்களும் இருக்கும். அதன் வழியாக உள்ளே போய், டிராகட் கட்டளையால் மூட்டையைப் புதிதாகக் கட்டினோம். நெட்வொர்க் கார்டின் பெயரும் மாறியிருந்தது, பழைய ஐ.பி. முகவரியைப் புதுப் பெயருக்கு எழுதிக் கொடுத்தோம். ஞாயிறு விடியும்போது ரிப்போர்ட் திரையில் வந்தது. பழைய மெஷினை அணைத்து வைத்தோம். இரண்டையும் ஓடவிட்டால் ஒரே முகவரிக்கு இரண்டு பேர் சண்டை போடுவார்கள். பதிவுகளும் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு மாதம் கழித்துத்தான் அதை அழித்தேன்.

மாணவச் செல்வங்களே, டிஸ்க்கை நகல் எடுப்பது சுலபம். பழைய இடத்தை நம்பி அது என்னென்ன எடுத்துக்கொண்டிருந்தது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் வேலை: பூட் முறை, டிஸ்க் டிரைவர், நெட்வொர்க் பெயர். புதியது நிற்கும்வரை பழையதைத் தொடாதீர்கள். அன்று நான் அழித்திருந்தால், திங்கட்கிழமை நோயாளிகளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

இருபது வருட அனுபவம் என்று மார்தட்டிய எனக்கு, சரியான கேள்வியைக் கேட்டவர் இந்தக் கல்லூரியின் பிள்ளை. அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.