போர் நூல்களும் புத்துலக நூல்களும்: ஒரு வாசகனின் அபிப்பிராயம்



அண்மையில் வாசித்த நூல்களைப் பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் பணித்தார். யான் திறனாய்வாளன் அல்லன். மிஷன் பாடசாலை நூலகத்திலே கைக்கெட்டியதையெல்லாம் வாசித்துப் பழகியவன். இவ்வாண்டு என்னிடம் அகப்பட்டவை பெரும்பாலும் போர் நூல்களும், இனிவரும் உலகைக் கற்பனை செய்யும் நூல்களுமே. என் மனத்திற் பட்டதைச் சொல்லுகிறேன். உங்களுக்கு உடன்பாடு இல்லையாயின் பின்னர் கேள்வி கேட்கலாம்.

பல்தேயு என்னும் ஒல்லாந்தப் பாதிரியார் 1672 இல் வெளியிட்ட இலங்கை வருணனையை முதலிற் சொல்லவேண்டும். 1658 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது படையோடு கூட வந்தவர் இவர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது வீழ்ந்ததற்குப் பீரங்கி மாத்திரம் காரணமன்று. சுற்றிவரக் கடல், உள்ளே குடிக்கத் தண்ணீர் இல்லை. தாகத்தினாலே படை சரணடைந்தது. வேற்றூரார் இதனை ஒரு வரியாக வாசித்துவிட்டுப் போவர். நெடுந்தீவிலே ஒரு குடம் நன்னீருக்காக வெகுதூரம் நடந்த தாய்மாரின் பிள்ளைகளாகிய நமக்கோ முழுப் போரும் அந்த ஒரு வரியிலேதான் இருக்கிறது. ஆயினும் எனக்கொரு குறை. முற்றுகைப் பக்கங்களிலே தளபதிகளே நடமாடுகிறார்கள். கரையிலிருந்து பார்த்துநின்ற நம்மவரைக் காணவில்லை. வென்றவர்கள் நம் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களையே சூட்டினார்கள். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. நல்லவேளை, நம் ஆச்சிமார் அவற்றைச் சட்டை செய்யவில்லை. நெடுந்தீவின் டெல்வ்ற் மட்டும் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கலிங்கத்துப்பரணியைப் பரீட்சைக்காக வாசித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். பரீட்சையை மறந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். முதலாங் குலோத்துங்கனுடைய சேனாபதி கருணாகரத் தொண்டைமானின் வெற்றியைப் பாடுவது நூலின் நோக்கம். ஆனால் என் நினைவில் நிற்பது வெற்றியன்று, பேய்களின் பசி. யுத்தம் முடிந்த களத்திலே அவை இரத்தமும் நிணமும் கொண்டு கூழ் சமைக்கின்றன. ஆடிக்கூழ் குடித்து வளர்ந்த நமக்கு அந்தக் கூழ் தொண்டைக்குள் இறங்குமா? செயங்கொண்டார் அரசனைப் புகழ எழுதினார் என்பது உண்மையே. இருந்தும், போர் முடிந்த பிறகு களத்தில் எஞ்சுவது என்ன என்பதை இவ்வளவு விரிவாகக் காட்டிய போர்நூல் வேறொன்று என் கண்ணிற் படவில்லை. போரும் கற்பனையும் ஒரே பானையில் வெந்த நூல் அது.

இனி ஆதர் கிளார்க். இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானிய விமானப்படையின் ராடார்ப் பகுதியிற் பணிபுரிந்தவர். 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். 1979 இல் வெளிவந்த இவருடைய ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ என்னும் ஆங்கில நாவல், நம் சிவனொளிபாதமலையை ஒத்த ஒரு மலையிலிருந்து விண்வெளிக்கு ஏணி கட்டும் கதை. அந்த ஏணி 36,000 கிலோமீற்றர் உயரத்தையும் எட்டவேண்டும்; பூமத்திய ரேகையிலே நிற்கவேண்டும். இலங்கை அங்கே இல்லையே! அதனாலென்ன, நாட்டையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார். குறிகட்டுவானில் படகுக்காகக் காத்துநிற்கும் நமக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கத்தான் செய்கிறது.

ஆனால் அம்மலையிலே துறவிகள் வாழுகின்றனர். பொன்னிற வண்ணாத்திப்பூச்சிகள் உச்சியை அடைந்தால் அவர்கள் வெளியேறவேண்டும் என்பது பழைய வாக்கு. ஒரு சூறைக்காற்று பூச்சிகளை மேலே தள்ளிச் செல்ல, துறவிகள் மலையை விட்டு இறங்குகிறார்கள். அழகான கட்டந்தான். ஏணியின் இழையைப் பற்றி அத்தனை நுணுக்கமாக எழுதியவர், இறங்கியவர்கள் அன்றிரவு எங்கே படுத்தார்கள் என்பதை எழுதவில்லையே என்று என் மனம் அடித்துக்கொண்டது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் இத்தீவுகளை விட்டு மூட்டை முடிச்சோடு போனவர்களுக்கு எந்த வண்ணாத்திப்பூச்சியும் வந்து குறி சொல்லவில்லை. அவர்களிற் சிலர் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். யான் அதற்குப் பின்னர் பிறந்தவன். ஆகையால் நூலிலே தேடுகிறேன்.

அப்படித் தேடியபோது கிடைத்ததுதான் அல்லைப்பிட்டியிற் பிறந்த ஷோபாசக்தி 2001 இல் எழுதிய ‘கொரில்லா’. பிரான்சிலே அகதி அந்தஸ்துக் கோரும் விண்ணப்பத்தோடு அது தொடங்குகிறது. சிறுபிராயத்தில் இயக்கத்திற் சேர்ந்து, அதனோடு முரண்பட்டு வெளியேறியவர் எழுதியது. இங்கே தளபதிகள் இல்லை. நம் ஊர்ப் பொடியன்களின் பேச்சு இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. சொற்கள் பல காதுக்கு மிகக் கடுமை. நம் வீட்டு விறாந்தையிலே உரத்து வாசிக்கக்கூடிய நூலன்று. சில இடங்களில் ஆசிரியர் வேண்டுமென்றே முரட்டுத்தனம் காட்டுகிறார் என்பதும் என் எண்ணம்.

இருந்தபோதிலும் அந்நூலைச் சங்க நூலகத்துக்கு வாங்கவேண்டுமென இச்சபையில் முன்மொழிகிறேன். ஆட்சேபிக்க விரும்பும் பெரியோர்கள் வாசித்துவிட்டு ஆட்சேபிக்குமாறு பணிவுடன் கேட்டு அமர்கிறேன்.